கண்வலிக் கிழங்கில் மறைந்த சொல்

அக்டோபர் 7, செவ்வாய்

வலது கண்ணில் நேற்று புரை எடுத்தாயிற்று. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று அந்த டாக்டர் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவளிடம் எழுதாதே என்கிறாள். இடது கண் சும்மாதானே இருக்கிறது. அதை வைத்து எழுதுகிறேன்.

ஒரு மாசத்துக்கு இவர் சமையல். இன்றைக்குச் சாம்பார் என்று ஒன்றை வைத்தார். பருப்பு அடியில் படுத்துக் கிடந்தது, தண்ணீர் மேலே நின்றது. "புளி கொஞ்சம் கம்மியாயிருச்சு மணி" என்றார். புளியே போடவில்லை. அதுதான் கம்மி.

சொட்டு மருந்து விடுவதும் இவர்தான். சின்ன வயசில் கிட்டிப்புள் பட்டு இவருக்கு இடது கண் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும், அவ்வளவுதான். மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணை வைத்துக் குறி பார்த்தால் முதல் சொட்டு கன்னத்தில், இரண்டாவது மூக்கில். மூன்றாவதுதான் எனக்கு வந்து சேரும். நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டவளுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

அக்டோபர் 9, வியாழன்

இவருடைய ஹாஸ்டல் சிநேகிதர் தெய்வசிகாமணி வந்து இறங்கியிருக்கிறார். பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். ரிட்டையர் ஆனதும் மூலிகை வைத்தியர் ஆகிவிட்டார். செல்போனில் வீடியோ போடுகிறார். அவர் நீட்டின கார்டில் 'மூலிகைச் செம்மல்' என்று தங்க எழுத்தில் இருந்தது. யார் கொடுத்த பட்டம் என்று கேட்டேன். "அன்பர்கள் குடுத்ததுங்க டீச்சர்" என்றார். அந்த அன்பர்கள் யார் என்று இவரிடம் தனியாகக் கேட்டேன். செம்மலின் மச்சானாம். போர்த்திய சால்வைகூடச் செம்மல் காசில் வாங்கினதாம்.

டீ குடிக்க மாட்டாராம். ஆவாரம்பூக் கஷாயம்தானாம். இவர் போட்டுக் கொடுத்தார். செம்மல் அதில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்தார்.

எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டதற்கு இவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். சிநேகிதர் விஷயத்தில் இவருக்கு வாயே கிடையாது.

அக்டோபர் 10, வெள்ளி

மழை பெய்து ஓய்ந்திருந்ததால் காலையில் வேலியோரம் கொஞ்சம் நடந்தேன். எங்கள் அப்பா வைத்த கிளுவை வேலி. அதில் யாரும் நடாமல் கொள்ளாமல் வருஷா வருஷம் செங்காந்தள் ஏறிக்கொள்ளும். இப்போது முழுக்கப் பூ. கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக, இதழெல்லாம் மேல்நோக்கி எழும்பி நிற்கிறது. செம்மல் பார்த்ததும் போனை நீட்டிக்கொண்டு ஓடினார். "இது என்ன பூ டீச்சர்?" மூலிகைச் செம்மல் கேட்கிறார்.

செங்காந்தள் என்றேன், கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றேன், எங்கள் ஊரில் கண்வலிக் கிழங்கு என்போம் என்றேன். என்னென்ன வைத்தியம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிரசவம் தாமதமானால் அந்தக் காலத்தில் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் பூசுவார்கள். பிள்ளை வெளியே வந்ததும் ஒரு நொடி தாமதிக்காமல் கழுவித் தள்ளுவார்கள், தாமதித்தால் தாய்க்கு ஆபத்து என்று. தேள் கொட்டின இடத்தில் பற்றுப் போடுவார்கள். இலைச் சாற்றைப் பேனுக்குத் தேய்ப்பார்கள். சித்த வைத்தியர்கள் உப்புப் போட்ட மோரில் நாள்கணக்காக ஊறவைத்து, காயவைத்து, நஞ்சை இறக்கின பிறகுதான் கையில் எடுப்பார்கள், அதுவும் அரிசி எடைக்கு. ஆடு தின்றால் ஆடு செத்துப்போகும். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றது. பிழைத்தவர்களுக்குத் தலைமுடி மொத்தமாகக் கொட்டிப்போனது.

இவ்வளவும் சொல்லியிருக்கிறேன், அந்த மனுஷன் கேட்ட கேள்வி இது:

"இதுக்கு ஏன் டீச்சர் கண்வலிக் கிழங்குன்னு பேரு?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"தலைவலித் தைலம் எதுக்குங்க?"

"தலைவலிக்குங்க."

"இருமல் மருந்து?"

"இருமலுக்குங்க."

"அப்புறம் என்னங்க சந்தேகம், மூலிகைச் செம்மலுக்கு? பேரே சொல்லுதே."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "முன்னோர்கள் பேருலயே மருந்தை வெச்சுட்டுப் போயிருக்காங்க டீச்சர்" என்று போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். சிரித்தால் கண் வலிக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் வலித்தது.

பத்தாம் வகுப்புப் பாடம் இது. தலைவலித் தைலம் என்றால் தலைவலியைப் போக்கும் தைலம். கண்வலிக் கிழங்கு என்றால் கண்வலியைத் தரும் கிழங்கு. இரண்டும் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நடுவில் மறைந்திருக்கிற சொல் எது என்று தெரியாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான். தொட்ட கையோடு கண்ணைக் கசக்கிவிடக் கூடாது என்றுதான் பார்த்தாலே கண் வலிக்கும் என்று எங்களையெல்லாம் மிரட்டி வைத்திருந்தார்கள். இதை ஒரு செம்மலுக்கு விளக்கிச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்து.

இவர் பக்கத்திலேயே நின்று முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. கரூர் டவுனில் பிறந்து வளர்ந்த ஆள், துளசியைத் தவிர ஒரு செடி தெரியாது. கேலி எப்போதுமே இவருக்கு லேட்டாகத்தான் புரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

கீரையில் மண்.

அக்டோபர் 13, திங்கள்

கண் உறுத்துகிறது. மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் "அப்படித்தாங்கம்மா இருக்கும், வியாழக்கிழமை செக்கப்புக்கு வாங்க" என்கிறார்கள். வியாழக்கிழமை வரைக்கும் யார் தாங்குவது? காலையிலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தேன். காபி ஆறிப்போனதற்கு, ஃபேன் சத்தத்துக்கு, துண்டு ஈரமாக இருந்ததற்கு. யாரிடம் கத்துவது, இவரிடம்தான்.

செம்மல் வாசல்படியில் வந்து நின்று, "டீச்சர், நம்ம கிழங்கு இருக்கே, ஒரே ஒரு சொட்டு" என்று ஆரம்பித்தார். என் கண்ணுக்குக் கிட்டே வந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். சொசைட்டிப் பாலில் கலந்த தண்ணீர் போதாதா என்றும் கேட்டேன். போய்விட்டார்.

இவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். "ரொம்ப வலிக்குதா மணி?" என்றார். இல்லை, பொழுது போகாமல் கத்துகிறேன் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

செம்மல் ஒழிந்தார். காலை பஸ்ஸுக்குப் போனார். பை நிறையக் கிழங்கு தோண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வேலியோரம் குழி குழியாகக் கிடக்கிறது.

மத்தியானம் சமையலறையில் அம்மிச் சத்தம். இந்த வீட்டில் மிக்ஸி வந்த பிறகு அம்மியை யார் தொட்டார்கள்? கேட்டேன். இஞ்சி அரைத்தாராம். இஞ்சி அரைத்த அம்மியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுகிறார். இஞ்சிச் சட்னி எங்கே என்று கேட்டால் பூனை தட்டிவிட்டதாம். எங்கள் வீட்டுக்குப் பூனை வருவதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் பார்த்தால் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து இவர் மாட்டிக்கொண்டு திரிகிறார். வீட்டுக்குள்ளே. "கண்ணு கூசுது மணி." ஆபரேஷன் எனக்கு, கூச்சம் இவருக்கு. பெண்டாட்டிக்கு ஒரு வியாதி வந்தால் அதிலும் பங்கு கேட்கிற ஆம்பளை.

அக்டோபர் 15, புதன்

இன்றைக்கு இவர் செய்த வேலைகள்: ரசத்தைத் தட்டில் ஊற்றாமல் என் மடியில் ஊற்றினார். கட்டில் காலில் இரண்டு தடவை மோதினார். சொட்டு மருந்தை என் காதில் விட்டார். காதில். பாட்டிலைப் பிடுங்கி நானே விட்டுக்கொண்டேன். முதல் சொட்டே கண்ணில் விழுந்தது. இத்தனை நாளும் இதை நானே செய்திருக்கலாம்.

"கண்ணாடியைக் கழட்டித் தொலைங்க, வெளிச்சமாவது தெரியும்" என்றேன். "பரவால்ல மணி" என்றார். சாப்பிடவில்லை. பசியில்லையாம். அவர் சமையலை அவராலேயே சாப்பிட முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

என் கண் உறுத்தல் காலையிலேயே தானாக நின்றுவிட்டது. சொன்னேன். "அப்படியா, அப்ப மருந்து வேண்டாம்" என்றார். எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை. எனக்குத் துணி மாற்றுகிற வேலை இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

தாராபுரத்துக்குச் செக்கப்புக்குப் போனோம். பஸ் படியில் ஏறும்போது இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நோயாளி நான்.

டாக்டர் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்குங்கம்மா என்றாள். பிறகு இவரைப் பார்த்தாள். "சார் ஏன் கண்ணாடி போட்டிருக்கார்?" கழற்றச் சொன்னாள். இவர் கழற்றவில்லை. நான்தான் கழற்றினேன்.

வலது கண். நல்ல கண். இமை இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தது. டாக்டர் நனைத்துப் பிரித்தாள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டியதெல்லாம் சிவப்பு, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மூட்டம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க விட்டீங்க கண்ணுல?"

"கண்வலிக் கிழங்குச் சாறுங்க. ஒரே ஒரு சொட்டுங்க. இவங்களுக்கு விடறதுக்கு முன்னால எனக்கு விட்டுப் பாத்தேனுங்க."

"அது விஷம்னு தெரியாதா?"

"வயித்துக்கு ஆகாதுன்னு தெரியுங்க. வேப்பெண்ணெய்கூட வயித்துக்கு ஆகாது, மேலுக்குப் பூசறமே. அது மாதிரின்னு நெனச்சேன்."

"இடது கண்ணுல பார்வை இல்லைங்கறீங்க. விட்டுப் பாக்கறவர் அதுல விட்டுப் பாத்திருக்கலாமே. எதுக்கு நல்ல கண்ணுல விட்டீங்க?"

"கெட்ட கண்ணுல விட்டா மங்குதா இல்லியான்னு எப்படிங்க தெரியும்?"

டாக்டர் பெண் சீட்டு எழுத ஆரம்பித்தாள். கருவிழியில் புண்ணாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டுமாம். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "இந்த வைத்தியத்தை யார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஊருக்கு ஒரு மூலிகை வைத்தியர் வந்திருந்தாருங்க" என்றேன் நான்.

இவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தீபாவளி. மகள் சுகந்தி பெங்களூரிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டாள். வந்ததிலிருந்து கொதிக்கிறாள். செம்மல் மேல் போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமாம். "அந்தாளை உள்ள தள்ளாம விடக் கூடாதும்மா."

வேண்டாம், அப்பாவோட பழைய சிநேகிதர், அவர் மனசு கஷ்டப்படும் என்றேன்.

"நீயா சொல்ற? அந்தாளைப் பாத்தாலே உனக்கு ஆகாதே" என்றாள்.

வயசானால் மனுஷிக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வரக் கூடாதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கோர்ட்டு, போலீஸு.

இவர் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் தீபாவளி என்று ஒரு லட்டு கொடுத்தார்கள். பிட்டு வாயில் கொடுத்தேன். "நீ சாப்பிட்டியா மணி?" என்றார். அதில் முந்திரியே இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுகந்தி ஊருக்குப் போய்விட்டாள். மணிக்கொரு தரம் கட்டை விலக்கிச் சொட்டு மருந்து. இப்போது விடுவது நான். அவர் விடுகிற மாதிரி நான் வீணாக்குவதில்லை.

இவர் போனில் செம்மல் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வேலி, எங்கள் பூ, எங்கள் குழி. "பழந்தமிழர் கண் மருத்துவ ரகசியம்" என்று தலைப்பு. "இது நான் சொல்லலீங்க, முப்பது வருஷம் அனுபவமுள்ள ஒரு தமிழாசிரியை சொன்னதுங்க. தலைவலிக்குத் தலைவலித் தைலம், கண்வலிக்குக் கண்வலிக் கிழங்கு. பேரே சொல்லுதே."

அப்படியே சொல்கிறான், ஒரு வார்த்தை மாறாமல். நல்ல வேளை, பெயர் போடவில்லை. அந்த மட்டும் புத்தி இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

செம்மல் ஆப்பிள் பையோடு வந்தார். கேட்டுக்கு உள்ளே விடவில்லை. வெளியே நிறுத்தி வைத்தே கேட்டேன். உனக்கெல்லாம் ஒரு பட்டம், உனக்கெல்லாம் ஒரு கார்டு, பால் அளந்தவன் பால் அளக்க வேண்டியதுதானே, ஒரு மனுஷன் கண்ணைப் பிடுங்கிவிட்டாயே என்று. நீ, வா, போ என்றுதான் பேசினேன். தெருவே பார்த்தது.

"டீச்சர், நான் நாச்சிகிட்ட விடச் சொல்லவே இல்லைங்க. உங்களுக்கு ஒரு சொட்டுன்னு சொன்னேன், நீங்க திட்டினீங்க, அதோட விட்டுட்டேன். அன்னிக்கு வேலியோரத்துல நீங்கதானே டீச்சர்..."

வாயை மூடு என்றேன். அந்த வீடியோவை இன்றைக்கே எடுக்காவிட்டால் நடக்கிறதே வேறு என்றேன்.

"எடுத்தர்றேங்க. ஆனா நீங்க சொன்னதுல என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், அதையும் ஒரு வீடியோவாப் போட்டர்றேன்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். இவனுக்கெல்லாம் தொகைநிலைத் தொடர் நடத்திக்கொண்டிருக்க முடியுமா? உள்ளேயிருந்து இவர், "மணி, விடு. அவன் போகட்டும்" என்றார். ஆப்பிளைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார் செம்மல். பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

அக்டோபர் 29, புதன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனோம், கட்டைப் பிரித்தார்கள். ஒரு கை நீளத்தில் விரலை ஆட்டினால் தெரிகிறது. எத்தனை விரல் என்று தெரியவில்லை. புண் ஆறினாலும் தழும்பு நிற்குமாம். வேறு கருவிழி வைக்கலாமா என்று ஆறு மாசம் கழித்துப் பார்ப்பார்களாம்.

"உன் உருவம் தெரியுது மணி" என்றார். எதிரில் நின்றது நர்ஸ்.

நவம்பர் 1, சனி

வீடியோ இன்னும் இருக்கிறது. எடுக்கிறேன் என்று சொன்னவன் எடுக்கவில்லை, ஊரெல்லாம் பார்க்கிறதாம். கீழே ஜனங்கள் எழுதியிருக்கிறதைப் படித்தேன். ஐயாவுக்கு நன்றி, வாழ்க தமிழ், பேரே சொல்லுதே, கை கும்பிடுகிற படம். படித்தவர்களா இவர்கள்? ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "என் பாப்பாவுக்கு ரெண்டு நாளா கண்ணு செவந்து இருக்கு. எங்க காட்டுலயே இந்தப் பூ இருக்கு. எத்தனை சொட்டு விடணும் ஐயா?"

இவர் போனில், இவர் பெயரில்தான் பதில் அடித்தேன். விடக் கூடாது, அது விஷம், குழந்தையை உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று.

கால் மணி நேரத்தில் திருப்பி எழுதிவிட்டாள். "ஒரு தமிழாசிரியையே சொல்லியிருக்காங்க. அவங்களைவிட உங்களுக்கு என்ன தெரியும்?"

முட்டாள் ஜென்மம். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன். முன்பின் யோசிக்காமல், யார் எதற்குச் சொன்னார்கள் என்று கேட்காமல், ஒருத்தி சொன்னாள் என்றால் அப்படியே நம்பிவிடுவதா? கேலிக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்களிடம் வாயே திறக்கக் கூடாது.

இரண்டு கண்ணும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. எழுத்துதான் கோணுகிறது.

நவம்பர் 3, திங்கள்

காலையில் இவருக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தலைப்புச் செய்தி முடிந்து உள்ளூர்ச் செய்திக்கு வந்திருந்தேன்.

"மணி, தெய்வசிகாமணி மேல கோவப்படாத" என்றார்.

"ஏனுங்க, உங்க சிநேகிதங்கறதாலயா?"

"அவன் வாயைத் தொறந்தாப் பொய்னு எனக்கு ஹாஸ்டல்லயே தெரியும். அவன் சொல்லி நான் கண்ணுல விடுவனா?"

நான் பேப்பரை மடித்தேன்.

"நீ சொன்ன மணி. அதனாலதான் விட்டேன்."

குரலில் கோபமே இல்லை. கடையில் என்ன விலை என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்புறம், "அடுத்த பக்கம் படி, மழை வருமான்னு பாரு" என்றார்.

படித்தேன். மழை வருமா என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அரிசி ஊறப்போட்டேன். இவருக்கு மருந்து விட்டேன்.

அந்தப் பாப்பாவின் அம்மாவுக்கு மறுபடி எழுதினேன். அவங்களைவிட உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தாளே, அதற்குப் பதில். கண்வலியைத் தரும் கிழங்கு என்று எழுதினேன். என் வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று எழுதினேன். கீழே பெயர் போட்டேன்: நா. துளசிமணி, தமிழாசிரியை, ஓய்வு.